சாவியைக் கடைசியில் எடுங்கள்: வருடக்கணக்கில் நின்ற பத்மினியைக் கிளப்புவது எப்படி

கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் பழைய காரைப் பார்த்ததும் யாருக்கும் கை பரபரக்கும். ஒரு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் கிளம்புகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

பெரியப்பாவின் 1986 மாடல் பிரீமியர் பத்மினி காரைக்குடி வீட்டின் தகரக் கொட்டகையில் 2013 முதல் 11 வருடம் நின்றது. நானும் புது பேட்டரியோடுதான் போய் இறங்கினேன். அந்த வண்டியை அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டிருந்தோம், எழுபது வயதைத் தாண்டியவர். வந்ததும் வண்டியைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். "தம்பி, சாவிய இங்க குடுங்க." வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தார். இடையில் என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பத்மினியை வைத்துச் சொல்கிறேன், ஆனால் அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் வரிசை இதேதான்.

ஏன் சாவியைத் திருப்பக்கூடாது? நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் எஞ்சின் அடியில் உள்ள சம்ப் தொட்டியில் இறங்கிவிடும், பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் அதன் வழியாக ஈரக்காற்று போய், பிஸ்டன் ரிங் இருக்கும் இடத்தில் சுவரில் துரு பிடித்திருக்கும். வால்வு அதன் கைடிலேயே இறுகியிருந்தால் செல்ஃப் மோட்டார் முரட்டுத்தனமாகச் சுற்றும்போது, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் எண்ணெய் விட்டே சரியாகியிருக்க வேண்டிய விஷயம், ஐந்தே விநாடியில் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

முதலில் பானெட்டைத் திறந்து வெறுமனே பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். எலி, தேள், சில ஊர்களில் பாம்பு எல்லாமே குடியிருக்கும். எங்களுக்கு ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி சேர்த்து வைத்த தேங்காய் நார் ஒரு படி அளவுக்குக் கிடைத்தது. எலி இருந்த இடத்தில் வயரின் மேல்தோல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வயராக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சைலன்சர் வாயையும் குச்சி விட்டுப் பாருங்கள். ஒரு தீயணைப்பு சிலிண்டர், பவுடர் வகை, கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அது இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். பெட்ரோலும் பொறியும் ஒரே இடத்தில் இருக்கப்போகிற வேலை இது.

அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். கழற்றும் முன் வயர்களுக்கு வரிசை எண் எழுதி ஒட்டிவிடுங்கள். பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2, தெரிந்திருந்தாலும் எழுதுங்கள், ஏனென்றால் மாற்றி மாட்டிவிட்டு அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான். பிளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விடுங்கள். மெக்கானிக் அண்ணன் டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து சிரிஞ்சில் எடுத்து விட்டார். விட்டுவிட்டு ஓட்டைகளைத் துணியால் மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

மறுநாள் காலை எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். பழைய அம்பாசிடர் என்றால் முன்னாலிருந்து கைப்பிடியைச் சொருகிச் சுற்றலாம். பத்மினியில் நாங்கள் செய்தது, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக ஓடும் திசையிலேயே திருப்பியது. அதற்கு இடமில்லையென்றால் டாப் கியரில் போட்டு இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாலும் போதும், பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இருக்காது, எளிதாக நகரும். நகரவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டு இரண்டு நாள், தேவைப்பட்டால் ஒரு வாரம் காத்திருங்கள். கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துப் பார்க்கலாம் என்று ஊரில் யாராவது நிச்சயம் சொல்வார்கள், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சுற்றுகிறது என்றால் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றுங்கள். நிறைய பேர் விட்டுவிடும் வேலை இது, ஆனால் பத்து நிமிடம்தான் ஆகும். வால்வை அமுக்கும் ராக்கர்கள் மேல் எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றி, ஒருவர் எஞ்சினைச் சுற்ற இன்னொருவர் எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எங்கள் வண்டியில் மூன்றாம் சிலிண்டரின் ஒரு வால்வு இறங்கியது, ஏறவில்லை. மெக்கானிக் அண்ணன் அதன் தண்டில் டீசலை விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டித் தட்டி, டீ ஆறுவதற்குள் விடுவித்துவிட்டார். நான் முதல் நாளே சாவியைத் திருப்பியிருந்தால் வளைந்திருக்க வேண்டிய புஷ்ராடு அதுதான்.

ஆயில்: டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். நல்லதாகத் தெரிந்தாலும் வடித்துவிட்டுப் புது 20டபிள்யூ-40 ஊற்றுங்கள். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம், எப்படியும் இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் வடிக்கத்தான் போகிறோம்.

இனி பெட்ரோல். நெடுநாள் நின்ற வண்டி கிளம்பாததற்கு முக்கால்வாசி காரணம் இதுதான், அதனால் இங்கே நிதானமாகச் செய்யுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்ததும் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை வரும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய், மீதி பிசினாகியிருக்கும். அந்தப் பெட்ரோலோடு புதிதைக் கலந்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பிசின் சூட்டில் கரைந்து இன்டேக் வால்வு தண்டில் போய் ஒட்டி, இரண்டாம் நாள் வால்வை மறுபடி இறுக்கும். மொத்தமும் வடிக்க வேண்டும். வடித்ததைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பத்மினி வடிவமைக்கப்பட்ட காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் போய்த் தங்கி, தகரத்தையும் கார்புரேட்டரின் உலோகத்தையும் அரிக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களை உப்பவும் வெடிக்கவும் வைக்கும். ஆகவே டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள், வளைத்துப் பாருங்கள், உள்பக்கம் விரிசல் தெரியும்.

டேங்கைக் கழற்றித் துரு எடுப்பது தனி வேலை. எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் அதில் நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை. முதல் முறை கிளப்ப ஆஸ்பத்திரி குளுக்கோஸ் வைத்தியம் இருக்கிறது: சிறு தகர டப்பாவில் அரை லிட்டர் புது பெட்ரோல், அடியில் ஹோஸ், நடுவில் ஒரு ஃபில்டர், மறுமுனை நேராகக் கார்புரேட்டருக்கு. டப்பா கார்புரேட்டரைவிட ஒரு அடி உயரத்தில் இருந்தால் போதும், அதிக உயரத்தில் வைத்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். சூடாகும் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே மட்டும் தொங்கவிடாதீர்கள்.

கார்புரேட்டரைக் கழற்றாமல் ஸ்பிரே அடித்தே சரிசெய்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. 11 வருடத்துக்கு அது நடக்காது. எங்கள் சோலெக்ஸ் கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்ததும், மிதவை (ஃப்ளோட்) இருக்கும் பெட்ரோல் அறையின் அடியில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி ஒரு படலம், அதன் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. பெட்ரோலை அளந்துவிடும் ஓட்டைத் திருகான ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லை. கழற்றும்போது ஒரு விஷயம்: பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகை வெளியே எடுக்கும் முன் உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டும்போது அதே சுற்று வெளியே எடுத்தால் போதும், மிச்சத்தை ஓடும்போது சரிசெய்யலாம். ஜெட்டுகளை கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்து, வேண்டுமானால் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையை விட்டு எடுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விடவே கூடாது. ஜெட் மென்மையான பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அந்த வண்டி ஆயுசு முழுக்கக் கறுப்புப் புகை கக்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது தளும்பினால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கிப் பிடித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். கேஸ்கட்டுகளைப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது ஏ.சி. பம்ப். கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட டயாஃப்ரம் ஏறி இறங்கிப் பெட்ரோலை இழுக்கும் பம்ப்புக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது. (சென்னையிலிருந்து வந்த தங்கை மகன், "மாமா, இந்தக் கார்ல ஏசி வேறயா?" என்றான்.) பம்பின் பக்கத்தில் கையால் அமுக்கும் சிறு நெம்புகோல் இருக்கும். அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் உடனே பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள், கேம் உச்சியில் நின்றிருக்கலாம், எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அமுக்குங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டயாஃப்ரம் மாற்ற வேண்டும்.

கரண்ட் பக்கம் அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை. டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்து விரிசல் பாருங்கள், ஈரம் துடையுங்கள், உள்ளே கரண்ட்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட்டைப் பாருங்கள். சும்மா நின்ற பாயிண்ட் சாம்பல் படிந்து கரண்ட்டை விடாது. மெல்லிய உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு, அப்புறம் சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்துத் தூளை எடுத்துவிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், பிளக்கில் 0.6. பேட்டரியை மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள், மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பிளக்கைப் பாடியில் வைத்துப் பொறி பார்ப்பதெல்லாம் பெட்ரோல் திறந்திருக்காத நேரத்தில், பிளக் ஓட்டைகளிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். பொறி நீலமாக, சடக்கென்று வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் பாயிண்ட்டோடு சேர்ந்த சிறு உருளையான கண்டன்சரை முதலில் மாற்றிப் பாருங்கள், பொறிக்கான வோல்டேஜைக் கூட்டும் இக்னிஷன் காயிலை அப்புறம்.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக் கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது எங்கே ஈரம் என்று பேப்பரே சொல்லும்.

பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், கிளம்பிய சந்தோஷத்தில் தெருவுக்கு எடுத்துவிடுவீர்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் சாதி. வீல் சிலிண்டர்கள் உள்ளே துரு பிடித்து இறுகியிருக்கும். நான்கு டிரம்மையும் திறந்து, சிலிண்டர் ரப்பர்களை மாற்றி, புது ஆயில் விட்டுக் காற்றெடுத்த பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 1409 என்றால் 2009ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிதாக இருந்தாலும் வயது போனால் ரப்பர் வெடிக்கும். கொட்டகைக்குள் நகர்த்த மட்டும் அது போதும்.

சரி, இப்போது சாவி. ஆனால் பிளக்குகள் இன்னும் வெளியிலேயே இருக்கட்டும். காயில் வயரைக் கழற்றிவிட்டு, பத்து விநாடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி பத்து விநாடி. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை இதைச் செய்ய வேண்டும். எங்களுக்கு ஐந்தாவது தடவையில் அணைந்தது. பிளக் ஓட்டைகளிலிருந்து எண்ணெய் பீச்சியடிக்கும், துணியைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அதன் பிறகு பிளக்குகளையும் வயரையும் மாட்டி, டப்பாவிலிருந்து பெட்ரோல் இறங்கி ஃப்ளோட் அறை நிரம்பும்வரை ஒரு நிமிடம் விட்டு, எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சோக்கை முழுதாக இழுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, அடியுங்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வது நம் ஊர் பழக்கம். வேறொரு வண்டியில் அப்படிச் செய்தபோது பேக்ஃபயர் ஆகி என் வலது புருவம் போனது. திரும்ப முளைத்தது என்பது வேறு விஷயம். ஏர் ஃபில்டரை மாட்டிவிட்டே அடியுங்கள், தீ வெளியே வராமல் அதுவும் தடுக்கும்.

எங்கள் பத்மினி முதலில் இருமியது, இரண்டாவது தடவை ஒற்றைச் சிலிண்டரில் டக் டக் என்றது, மூன்றாவதில் நான்கும் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெண்புகை. பதற வேண்டாம், சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிகிறது, ஐந்தாறு நிமிடத்தில் தெளிய வேண்டும். கொட்டகைக் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும். ஆக்சிலேட்டரை அமுக்கிச் சத்தம் கேட்க ஆசை வரும், அடக்குங்கள். சோக்கை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே ஆயில் விளக்கைப் பாருங்கள், சூட்டு முள்ளைப் பாருங்கள், கீழே குனிந்து சொட்டுகிறதா பாருங்கள். ஆயில் விளக்கு மறுபடி எரிந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடியும் கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை அமுக்கிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் டப்பென்ற ஒரு சத்தத்தோடு விட்டுவிடும்.

டேங்கைக் கழுவி மாட்டி, பிரேக் எல்லாம் முடிந்த பிறகு, நாலாம் நாள் தெருவுக்கு எடுத்தோம். பத்து நிமிடம் அருமையாக ஓடி, பெட்ரோல் வராமல் நின்றது. கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் கிளம்புகிறது, மறுபடி பத்து நிமிடத்தில் நிற்கிறது. ஜெட் அடைப்பு என்றேன் நான், வெயிலுக்குப் பெட்ரோல் ஆவியாகி லாக் ஆகிறது என்று சொல்லி ஏ.சி. பம்பில் ஈரத்துணி சுற்றினான் தம்பி. மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தார். ஸ்ஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். டேங்க் காற்று வாங்கும் குழாய்க்குள் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருக்கிறது, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பம்ப் இழுக்க முடியாமல் நின்றிருக்கிறது. டேங்கைக் கழுவிய நாங்கள் அந்த விரல் தடிமன் குழாயைப் பார்க்கவில்லை. ஒரு ஈர்க்குச்சியில் வேலை முடிந்தது.

முதல் சில வாரம் கார்புரேட்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி தெரியும் ஃபில்டர் ஒன்றை மாட்டிவையுங்கள், டேங்க் துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும். இருநூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். ஆர்.சி. காலாவதி ஆகியிருக்கும், இன்சூரன்ஸ் இருக்காது, அந்த இரண்டும் முடியும்வரை பெரிய ரோட்டுக்கு எடுக்காதீர்கள். எங்கள் வண்டிக்குக் காகித வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா கொட்டகைக்குள்ளேயே அரைமணி நேரம் ஓடவிட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.